ஜான் வீட்லி

ஜான் வீட்லி (1869 – மே 12, 1930) அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிரித்தானிய அரசியல்வாதி ஆவார். 1924 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் அமைந்த முதலாவது தொழிற் கட்சி அரசில் சுகாதார அமைச்சராகப் பணியாற்றினார். அவ்வாண்டில் இவர் கொண்டுவந்த வீட்டு வசதி (நிதி ஏற்பாடுகள்) சட்டம் பொதுவாக வீட்லி சட்டம் என்று அறியப்படுகின்றது. உழைக்கும் மக்களால் செலுத்தக்கூடிய வாடகையில் உள்ளூராட்சி அமைப்புகள் வீடுகளைக் கட்டுவதற்கு, நாற்பது ஆண்டுகள் தொடரும் அரசு மானியத்தை இச்சட்டம் உறுதி செய்தது. இதன் கீழ் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஓராண்டுகூட நீடிக்காத அவ்வரசின் முதன்மையான உள்நாட்டுச் சாதனையாக இச்சட்டம் கருதப்படுகின்றது.

இளமைக் காலம்

வீட்லி அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்திலுள்ள போன்மகன் என்னும் ஊரில் ஒரு கத்தோலிக்கக் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1876 இல் இவரது குடும்பம் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஓர் அறை வீட்டில் பெற்றோர், பிள்ளைகள், கூலி கொடுத்துத் தங்கியவர்கள் என அனைவரும் ஒன்றாக வாழ்ந்தனர். அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் தொழில் நகரங்களிலும் சுரங்க ஊர்களிலும் ஓரறை, ஈரறை வீடுகளே தொழிலாளர்களின் பொதுவான உறைவிடமாக இருந்தன.

வீட்லி சிறு வயதிலேயே பள்ளியை விட்டுச் சுரங்க வேலைக்குச் சென்றார். இருபது வயதைக் கடந்த பின்னரும் சில ஆண்டுகள் அவ்வேலையிலேயே இருந்தார். பிறகு மதுக்கடைப் பணியாளர், மளிகை வணிகர், கத்தோலிக்க இதழொன்றின் விளம்பர முகவர் எனப் பல தொழில்களைச் செய்தார். இறுதியில் அச்சு, பதிப்புத் தொழிலில் ஈடுபட்டு வசதி படைத்தவரானார்.

அரசியலில் நுழைவு

தொடக்கத்தில் ஐரிய தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டிருந்த வீட்லி, பின்னர் சமவுடைமைக் கொள்கையை ஏற்றார். 1906 இல் கிளாஸ்கோவில் கத்தோலிக்க சமவுடைமைக் கழகத்தை நிறுவினார். கத்தோலிக்கராக இருந்துகொண்டே ஒருவர் சமவுடைமைவாதியாகவும் இருக்க முடியும் என்பது இவரது நிலைப்பாடு. உள்ளூர்க் குருமார் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1912 இல் ஒரு கூட்டம் இவரது வீட்டின் முன் திரண்டு இவரது கொடும்பாவியை எரித்தது. அதன் பின்னரும் இவர் தமது சமயத்தையோ கொள்கையையோ கைவிடவில்லை. கிளாஸ்கோவின் ஐரியத் தொழிலாளர்கள் தாராளவாதக் கட்சியிலிருந்து தொழிற் கட்சிக்கு மாறியதில் இவரது பங்கு பெரியது.

சுதந்திரத் தொழிற் கட்சியில் இணைந்த வீட்லி 1910 இல் லானார்க்ஷயர் மாவட்ட அவைக்குத் தெரிவானார். 1912 இல் இவர் வாழ்ந்த ஷெட்டில்ஸ்டன் பகுதி கிளாஸ்கோவுடன் இணைக்கப்பட்டதை அடுத்துக் கிளாஸ்கோ மாநகராட்சி உறுப்பினரானார்.

எட்டுப் பவுண்டு வீடுகள்

வீட்டுப் பிரச்சினை குறித்த வீட்லியின் சிந்தனை 1913 இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலில் தெளிவாக வெளிப்பட்டது. தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகளை மாநகராட்சியே கட்டி, ஆண்டுக்கு எட்டுப் பவுண்டு வாடகைக்குத் தொழிலாளர்களுக்கு விட வேண்டும் என்பது அந்நூலின் திட்டம். கிளாஸ்கோ மாநகராட்சியின் டிராம் வண்டிப் போக்குவரத்து அப்போது நல்ல இலாபம் ஈட்டி வந்தது. அவ்விலாபத்தை வட்டியில்லாமல் வீடு கட்டப் பயன்படுத்தலாம் என்றார் வீட்லி.

வாடகையின் பெரும்பகுதி செங்கல்லுக்கோ கூலிக்கோ செல்வதில்லை, கட்டுவதற்குக் கடனாகப் பெற்ற பணத்தின் வட்டிக்கே செல்கின்றது என்பதே இத்திட்டத்தின் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 500 பவுண்டு செலவில் கட்டப்படும் வீட்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 25 பவுண்டு வட்டியாக மட்டும் செலுத்த வேண்டும். இது வாரத்துக்கு ஏறத்தாழ பத்து சிலிங் ஆகும் (20 சிலிங் ஒரு பவுண்டு). முதலைத் திருப்பிச் செலுத்துவதும் பராமரிப்பும் இதற்கு மேற்பட்டவை. எனவே வட்டிச் சுமையை வேறு யாரேனும் ஏற்றாலன்றி, ஏழைகளுக்கான வாடகை வீட்டைச் சந்தை தராது என்பது வீட்லியின் வாதம். மாநகராட்சி இத்திட்டத்தை ஏற்கவில்லை. எனினும் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் இவர் கொண்டுவந்த சட்டத்தின் வித்து இதிலேயே உள்ளது.

1915 வாடகைப் போராட்டம்

முதலாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை செய்ய ஆயிரக்கணக்கானோர் கிளாஸ்கோவுக்கு வந்தனர். வீட்டு உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். இதை எதிர்த்து மேரி பார்பர், ஹெலன் குரோஃபர்டு, ஆக்னஸ் டோலன் முதலிய பெண்களின் தலைமையில் 1915 இல் வாடகை மறுப்புப் போராட்டம் நடைபெற்றது. ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இதில் பங்கேற்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வீட்லி மாநகராட்சியிலும் வெளியிலும் போராட்டத்துக்குத் துணை நின்றார். நவம்பர் 17, 1915 அன்று வாடகை செலுத்தாதோர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, பெண்களும் தொழிலாளர்களும் நீதிமன்றத்தின் முன் பெருந்திரளாகக் கூடினர். அவ்வாண்டு இறுதிக்குள், சிறு வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய காலத்து அளவில் நிறுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. வாடகை கட்டுப்படுத்தப்பட்ட நிலையில், போருக்குப் பின் கட்டுமானச் செலவும் வட்டியும் உயர்ந்ததால் தொழிலாளர்களுக்கான வாடகை வீடுகளைக் கட்டத் தனியார் முன்வரவில்லை. அந்த இடத்தை அரசு நிரப்ப வேண்டிய நிலை உருவானது.

நாடாளுமன்றத்தில்

1918 தேர்தலில் ஷெட்டில்ஸ்டன் தொகுதியில் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்ற வீட்லி, 1922 இல் அங்கு வெற்றி பெற்றார். அத்தேர்தலில் கிளாஸ்கோவின் 15 தொகுதிகளில் 10 தொகுதிகளைத் தொழிற் கட்சி கைப்பற்றியது. அங்கிருந்து சென்ற உறுப்பினர்கள் சிவப்பு கிளைடுசைடர்கள் என்று அழைக்கப்பட்டனர். ஜேம்ஸ் மாக்ஸ்டன் இக்குழுவின் சிறந்த பேச்சாளராக விளங்கினார். வீட்லி அதன் சிந்தனையாளராக மதிக்கப்பட்டார்.

1923 சூனில் ஸ்காட்லாந்தின் தாய் சேய் நலச் செலவுகள் குறைக்கப்பட்டது குறித்த விவாதம் நடைபெற்றது. அதனை ஆதரித்தவர்களை மாக்ஸ்டன் கொலைகாரர்கள் என்று குறிப்பிட்டார். அச்சொல்லைத் திரும்பப் பெற மறுத்ததற்காக அவரும், அதனை வழிமொழிந்த வீட்லி உட்பட மேலும் மூவரும் மக்களவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

சுகாதார அமைச்சர்

1924 சனவரியில் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் தொழிற் கட்சி முதன்முறையாக ஆட்சி அமைத்தது. 615 உறுப்பினர் கொண்ட அவையில் அதற்கு 191 இடங்களே இருந்தன. தாராளவாதக் கட்சியின் ஆதரவின்றி எச்சட்டமும் நிறைவேற முடியாத நிலை இருந்தது. இடதுசாரிப் பிரிவிலிருந்து அமைச்சரவையில் இடம்பெற்ற வெகு சிலருள் வீட்லி ஒருவர். வீட்டு வசதி அப்போது சுகாதார அமைச்சின் பொறுப்பில் இருந்தது.

வேலையிழந்து வாடகை செலுத்த இயலாதோரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமூலம் இவரது முதல் முயற்சிகளுள் ஒன்றாகும். வேலையின்மையின் சுமையை வீட்டு உரிமையாளர் மீது ஏற்றக் கூடாது என்று தாராளவாதிகள் எதிர்த்ததால் 1924 ஏப்ரலில் இது தோல்வியடைந்தது. வாடகையின் சுமையை யார் ஏற்பது என்னும் அதே வினா, அடுத்து வந்த பெரிய சட்டமூலத்திலும் மையமாக இருந்தது.

வீட்லி சட்டம்

போருக்குப் பின் 1919 இல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த சட்டம், வீடு கட்டுவதால் ஏற்படும் இழப்பில் ஒரு சிறு பகுதி நீங்கலாக அனைத்தையும் அரசே ஏற்கும் என்றது. செலவு பெருகியதால் அத்திட்டம் 1921 இல் நிறுத்தப்பட்டது. 1923 இல் நெவில் சேம்பர்லின் கொண்டுவந்த சட்டம் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 6 பவுண்டு வீதம் 20 ஆண்டுகளுக்கு மானியம் வழங்கியது. அது முதன்மையாகத் தனியார் கட்டுநர்களை ஊக்குவித்தது. அதனால் பயன்பெற்றோர் பெரும்பாலும் வீட்டை விலைக்கு வாங்கும் வசதி படைத்தவர்களே.

பணம் மட்டுமே தடையன்று என்பதை வீட்லி உணர்ந்திருந்தார். செங்கல் கொத்தர்கள், சுவர்ப் பூச்சு வேலையாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கை போருக்கு முன் இருந்ததைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. புதியவர்களைத் தொழிலில் சேர்த்தால், திட்டம் நின்றவுடன் அனைவரும் வேலையிழக்க நேரிடும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின. 1921 இல் அவ்வாறே நடந்திருந்தது. எனவே வீட்லி முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒன்றாக அழைத்துப் பேசினார். 15 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வேலை உண்டு என்று அரசு உறுதியளித்தது. அதற்கு ஈடாகப் பயிற்சியாளர்களைச் சேர்க்கும் விதிகளைத் தளர்த்தச் சங்கங்கள் இசைந்தன. ஆண்டுதோறும் கட்டப்படும் வீடுகளைப் படிப்படியாக உயர்த்தி, 15 ஆண்டுகளில் 25 இலட்சம் வீடுகளைக் கட்டுவது இலக்காகக் கொள்ளப்பட்டது.

சட்டத்தின் முக்கிய விதிகள் வருமாறு:

* வாடகைக்கு விடப்படும் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுண்டு வீதம் 40 ஆண்டுகளுக்கு அரசு மானியம்.
* வேளாண்மைப் பகுதிகளில் இம்மானியம் 12 பவுண்டு 10 சிலிங்.
* உள்ளூராட்சி தன் வரி வருவாயிலிருந்து ஆண்டுக்கு 4 பவுண்டு 10 சிலிங் வரை அளித்தல்.
* அந்த அளவுக்கு மேல் உள்ளூராட்சிக்கு இழப்பு நேர்ந்தாலன்றி, போருக்கு முந்தைய வாடகை அளவை மிகாதிருத்தல்.
* ஒவ்வொரு வீட்டிலும் தனிக் குளியலறை அமைத்தல்.
* கட்டப்படும் வீடுகள் இலக்கைவிட மிகவும் குறைந்தால் மானியத்தை நிறுத்த அரசுக்கு உரிமை.

முன்னர் காட்டிய 500 பவுண்டு வீட்டுக்கு இவ்விரு உதவிகளையும் சேர்த்தால், 25 பவுண்டு வட்டியில் 13 பவுண்டு 10 சிலிங் குறைகின்றது. வாடகையாளர் சுமக்கும் வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடுகின்றது.

சட்டமூலத்தின் மீதான விவாதம் 1924 கோடையில் நடைபெற்றது. மானியத்தைக் கூட்டினால் கட்டுமானப் பொருள்களின் விலையும் கூடும், அதன் பயன் வாடகையாளரைச் சேராது என்று பழமைவாதக் கட்சியினர் வாதிட்டனர். நாற்பது ஆண்டுச் சுமையை வரி செலுத்துவோர் மீது ஏற்றுவதையும் அவர்கள் எதிர்த்தனர். தாராளவாதிகள் நோக்கத்தை ஆதரித்தாலும் பல திருத்தங்களைக் கோரினர். சட்டமூலத்தில் சமவுடைமை எதுவும் இல்லை என்று சொந்தக் கட்சியிலேயே சிலர் குறைகூறினர். வீட்லி இதனை மறுக்கவில்லை. வீடுகளைக் கட்டப்போவது தனியார் ஒப்பந்தக்காரர்களே என்றும், தனியார் தொழில்முறையால் செய்ய இயலாததை அரசுப் பணம் கொண்டு செய்ய வைப்பதே தமது திட்டம் என்றும் விளக்கினார். எதிர்க்கட்சிகளின் வாதங்களைக் கணக்குகளைக் கொண்டு பொறுமையாக எதிர்கொண்ட விதம், இவரைக் கலகக்காரராக மட்டுமே அறிந்திருந்தோரை வியக்க வைத்தது. 1924 ஆகஸ்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பொருள்களின் விலையேற்றத்தைத் தடுக்க வீட்லி தனியாகக் கொண்டுவந்த கட்டுமானப் பொருள் சட்டமூலம், அவ்வாண்டு அக்டோபரில் அரசு வீழ்ந்தபோது காலாவதியானது. இதனால் திட்டத்தின் ஒரு தூண் இல்லாமலேயே மற்றவை செயற்பட்டன.

விளைவுகளும் குறைகளும்

அடுத்து அமைந்த பழமைவாத அரசில் நெவில் சேம்பர்லின் சுகாதார அமைச்சரானார். தாம் எதிர்த்த சட்டத்தை அவர் நீக்கவில்லை. ஆயினும் 1927 இல் மானியத்தை 7 பவுண்டு 10 சிலிங்காகக் குறைத்தார். 1933 இல் தேசிய அரசு புதிய வீடுகளுக்கு இம்மானியத்தை நிறுத்தியது. அதற்குள் கட்டப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூராட்சிகளுக்கு உரியவை. இது 25 இலட்சம் என்ற இலக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். கிளாஸ்கோவின் நைட்ஸ்வுட் குடியிருப்பின் பெரும்பகுதி இச்சட்டத்தின் கீழ் எழுந்தது.

மானியத்துக்குப் பின்னரும் வாடகை மிக வறியவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. நிலையான வருவாயுள்ள திறன்மிகு தொழிலாளர்களே இவ்வீடுகளில் பெரிதும் குடியேறினர். சேரிகளில் வாழ்ந்தோரின் நிலையில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. சேரி ஒழிப்பை நோக்கமாகக் கொண்ட தனிச் சட்டம் 1930 இல் ஆர்தர் கிரீன்வுட்டால் கொண்டுவரப்பட்டது. எனினும் வாடகை வீடு வழங்குவது உள்ளூராட்சியின் நிலையான கடமை என்னும் கருத்தை வேரூன்றச் செய்தது வீட்லி சட்டமே எனலாம்.

கருத்தடை குறித்த சர்ச்சை

உள்ளூராட்சித் தாய் சேய் நல நிலையங்களில் கருத்தடை பற்றிய அறிவுரை வழங்க அனுமதிக்க வேண்டும் என்று டோரா ரசல் முதலியோர் 1924 இல் கோரினர். வீட்லி இதனை ஏற்க மறுத்தார். தொழிற் கட்சியின் பெண் உறுப்பினர் பலர் இம்முடிவினால் பெரும் ஏமாற்றம் அடைந்தனர்.

இறுதிக் காலம்

ஆட்சி வீழ்ந்த பின் வீட்லிக்கும் மெக்டொனால்டுக்கும் இடையே பிளவு வளர்ந்தது. 1926 பொது வேலை நிறுத்தத்தை வீட்லி முழுமையாக ஆதரித்தார். 1929 இல் தொழிற் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது இவருக்கு அமைச்சரவையில் இடமளிக்கப்படவில்லை. வேலையற்றோர் தொடர்பான அரசின் கொள்கையைப் பின்வரிசையிலிருந்து கடுமையாக விமர்சித்து வந்தார். மே 12, 1930 அன்று ஷெட்டில்ஸ்டனில் உள்ள தமது வீட்டில் மூளை இரத்தக் கசிவினால் காலமானார்.

நினைவு

இவரது உடன்பிறந்தாரின் மகனான மற்றொரு ஜான் வீட்லி, ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்குரைஞராகவும் பின்னர் மூத்த நீதிபதியாகவும் விளங்கினார். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் இயங்கிய ஜான் வீட்லி கல்லூரி 2013 இல் வேறு கல்லூரிகளுடன் இணைக்கப்பட்டு கிளாஸ்கோ கெல்வின் கல்லூரியானது. கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்டு வாடகை வீடுகளை நிருவகிக்கும் வீட்லி குழுமமும் இவரது பெயரையே தாங்கியுள்ளது.