மருந்தைத் தேடிப் போகும் ஒளி
சர் சி.வி.ராமன் வாழ்க்கை

புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து உடம்பில் எங்கே போகிறது? நோய் கண்ட உயிரணுவுக்குள் நுழைகிறதா? நுழைந்தால், எதைப் பிடித்துக் கொள்கிறது?

உயிரணுவைக் கொல்லாமல் இதைக் கண்டறிய, விஞ்ஞானிகள் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு வழி திறந்தவர் ஒரு தமிழர். அவர்தான் சர் சி.வி.ராமன்.

சென்னையில் படிப்பு

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில், 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர், தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே போயிற்று.

ராமன் 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னைக் கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறி, பவுதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 18 வயதில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது.

டாக்டர் தடுத்தார்

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று யோசனை எழுந்தது. ஆனால் ராமன் மெலிந்த உடம்புக்காரர். அந்த நாட்டுக் குளிரை அவர் தாங்கமாட்டார் என்று சென்னை அரசாங்க டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க முடியாது. ஆகவே நிதி இலாகா பரீட்சை எழுதினார். அதிலும் முதல் இடம்! 1907-ல் லோகசுந்தரியை மணந்து, மனைவியுடன் கல்கத்தா போய் உத்தியோகம் ஏற்றார்.

பகலில் சர்க்கார் கணக்கு. அதிகாலையிலும் இரவிலும் ஆராய்ச்சி. பவுபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானக் கழகம் அதற்கு இடம் கொடுத்தது.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளமோ ஏறத்தாழ பாதிதான். இருந்தும், பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு அதை ஏற்றார்.

கடல் சொன்ன பாடம்

1921-ல் அவர் முதல் முறையாக இங்கிலாந்து சென்றார். மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரை மயக்கியது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அதுவரை விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். அது தவறு, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று ராமன் கண்டார்.

அதன்பின் பல திரவங்களில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் அவருக்குத் தோள் கொடுத்தார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி விடை தெளிவாயிற்று.

ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருவதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. காரணம் என்ன? பொருளின் மூலக்கூறுகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை ஒளியின் சக்தியில் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. இந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். மனிதனுக்குக் கைரேகை போல, பொருளுக்கு இது அடையாளம்!

இதற்காக 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூட உழைத்த கிருஷ்ணனுக்குப் பரிசில் பங்கு இல்லை.

1933-ல் ராமன் பெங்களூர் சென்றார். பின்னர் அங்கே சொந்தமாக ஆராய்ச்சி நிலையமும் நிறுவினார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 1970 நவம்பர் 21-ந் தேதி காலமானார்.

உயிரணுவுக்குள் ஒளி

ராமன் பாரத ரத்னா பெற்ற அதே 1954-ல்தான், சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. அத்தகைய ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று, டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து.

உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்ற பொருள், முறுக்கிய நூலேணி போல இருக்கிறது. சிவப்பு மருந்து அந்த ஏணியின் படிகளுக்கு இடையே செருகிக்கொள்கிறது. அதனால் புற்று உயிரணு பெருக முடிவதில்லை.

ஆனால் அளவு மிஞ்சினால் இந்த மருந்து இருதயத்தைக் கெடுக்கும். சில புற்று உயிரணுக்களோ மருந்தை வெளியே தள்ளிவிடும். மருந்து சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்பது, ஆகவே உயிர்ப் பிரச்சினை.

இங்கேதான் ராமன் விளைவு உதவுகிறது. தனியாக உள்ள மருந்து ஒரு விதமான ஒளிக்கோடுகளைக் காட்டும். டி.என்.ஏ.வுடன் சேர்ந்துவிட்டால் சில கோடுகள் மங்கும், சில இடம் மாறும். நுண்ணிய வெள்ளித் துகள்கள் பக்கத்தில் இருந்தால், மங்கலான ஒளியும் பல மடங்கு பெருகும்.

1990-ல் ஹாலந்து விஞ்ஞானிகள், லேசர் ஒளியின் துணைகொண்டு உயிருள்ள ஒரே ஒரு உயிரணுவை இம்முறையில் ஆராய்ந்து காட்டினார்கள். மருந்தும் டி.என்.ஏ.வும் சேர்வதை இவ்வாறு ஆராயும் வேலை இன்றும் நடக்கிறது. நோயாளியின் கட்டிலருகே இது இன்னும் சாதாரணமாக வந்துவிடவில்லை. சோதனைச்சாலையில் மருந்துகளை எடைபோட இது உதவுகிறது.

பிப்ரவரி 28-ந் தேதியை, தேசிய விஞ்ஞான தினமாக 1987 முதல் இந்தியா கொண்டாடி வருகிறது.