ஆரோன் (போதகர்)

ஆரோன் (இறப்பு: 1745) இந்தியாவில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லூத்தரன் போதகர் ஆவார்.

வாழ்க்கை

கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த இவர், 1718 இல் சீகன்பால்க்கிடம் திருமுழுக்குப் பெற்றார். உள்ளூர் ஊழியர்களை உருவாக்கச் சீகன்பால்க் 1716 இல் தரங்கம்பாடியில் பயிற்சிப்பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆரோன் முதலில் ஆசிரியராகவும் பின்னர் உபதேசியாராகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார். அதன் பின்னரே டிசம்பர் 28, 1733 இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார்.

பணி

தஞ்சை அரசுக்குட்பட்ட ஊர்களுக்கு ஐரோப்பிய மறைப்பணியாளர் தடையின்றிச் செல்ல இயலவில்லை. எனவே மாயவரம் பகுதிச் சபைகள் ஆரோனிடம் ஒப்படைக்கப்பட்டன. திருமுழுக்கு, நற்கருணை ஆகியவற்றை இவரே அங்கு வழங்கினார்.

சாதித் தடை

அக்காலத்தின் சிறந்த உபதேசியாரான இராசநாயக்கன் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதியினர் மறுப்பர் எனக் கருதி, அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்படவில்லை. ஆரோனுக்குப் பின் 1741 இல் தியோகு இரண்டாவது போதகரானார்.