சொற்களைத் தேடிய சாமுவேல் ஜான்சன்

ஆங்கில இலக்கிய நூல் ஒன்றை விரித்தால், பக்கத்திற்கு ஐந்தாறு அரிய சொற்களாவது நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. கதை ஓடும் வேகத்தில் நாம் அவற்றைத் தாண்டிச் சென்று விடுகிறோம். மறுநாள் ஆசிரியை பொருள் கேட்டால் தலை குனிகிறோம். அவ்வாறு தாண்டிச் செல்லாமல், ஒவ்வொரு சொல்லின் அருகிலும் நின்று பொருள் கண்ட ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

சாமுவேல் ஜான்சன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள லிச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மைக்கேல் ஒரு புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் தாக்கியதால் ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. முகத்தில் தழும்புகளும் நிலைத்துவிட்டன. ஆயினும் தந்தையின் கடையே அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடமாயிற்று. கையில் கிடைத்த நூல்களையெல்லாம் ஆர்வத்துடன் படித்தார்.

1728-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கிழிந்த காலணிகளைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர், புதிய காலணிகளை அவரது அறை வாசலில் வைத்துச் சென்றார். தன்மானம் மிக்க ஜான்சன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார். ஆனால் வறுமை விடவில்லை. ஏறத்தாழ 13 மாதங்களில், பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

1737-இல் பிழைப்புத் தேடி லண்டன் சென்ற அவர், பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் கழித்தார். 1746-இல் புத்தக வெளியீட்டாளர்கள் சிலர் ஓர் ஆங்கில அகராதி எழுதித் தருமாறு கேட்டு, 1,575 பவுன் ஊதியம் பேசினர். பிரெஞ்சு அறிஞர் கழகத்தார் பலர் கூடித் தம் அகராதியை முடிக்க 50 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஜான்சனோ மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாக வாக்களித்தார்!

அதற்கு முன்பும் ஆங்கில அகராதிகள் இருந்தன. 1604-இல் வெளிவந்த முதல் அகராதி கடினமான சொற்களுக்கு மட்டுமே சுருக்கமாகப் பொருள் கூறியது. ஜான்சன் வேறு வழியை மேற்கொண்டார். ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் முதலியோரின் நூல்களைப் படித்து, பொருள் விளங்கும்படி ஒரு சொல் அமைந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டார். ஆறு உதவியாளர்கள் அந்த வாக்கியங்களைத் தாள்களில் எழுதி அகர வரிசைப்படுத்தினார்கள். கோடிட்டுக் கிழிந்து திரும்பி வந்த தங்கள் நூல்களைக் கண்டு, இரவல் கொடுத்த நண்பர்கள் மனம் வருந்தினார்களாம்!

மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்பதாக நீண்டன. 1752-இல் அன்பு மனைவி எலிசபெத் இறந்தார். துயரத்தில் மூழ்கியும் ஜான்சன் பணியைக் கைவிடவில்லை. 1755 ஏப்ரல் 15-ஆம் நாள் அகராதி இரு பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 42,000-க்கும் அதிகமான சொற்களும், ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. பட்டமின்றி அனுப்பிய ஆக்ஸ்ஃபோர்டே அவ்வாண்டு அவருக்கு முதுகலைப் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது.

அத்தகைய நூலிலும் பிழைகள் உண்டு. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு முழங்கால் என்று பொருள் எழுதியிருந்தார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அவர் சாக்குச் சொல்லவில்லை. அறியாமையே காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் உள்ளத்தைத் தொடுகிறது. இளமையில் ஒருநாள், உட்டாக்ஸெட்டர் சந்தையில் இருந்த புத்தகக் கடைக்கு வருமாறு தந்தை அழைக்க, அவர் அகந்தையால் மறுத்துவிட்டார். ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின், புகழின் உச்சியில் இருந்த அம்முதியவர் அதே சந்தைக்குச் சென்றார். கடை இருந்த இடத்தில், கொட்டும் மழையில், வெறுந்தலையுடன் நெடுநேரம் நின்று தம் குற்றத்திற்குக் கழுவாய் தேடினார்.

1784 டிசம்பர் 13-ஆம் நாள் ஜான்சன் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அரிய சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்து போகின்றன. நல்ல வாக்கியத்தில் சந்தித்த சொல்லோ நெஞ்சில் நிலைக்கிறது. எனவே எங்கள் வகுப்பில் நாங்கள் ஆளுக்கொரு குறிப்பேடு தொடங்கியுள்ளோம். புதிய சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். புத்தகத்தில் மட்டும் கோடு போடுவதில்லை. நூலகப் பொறுப்பாளரான அருட்சகோதரி அதை அனுமதிக்கமாட்டார்! எல்லாவற்றிற்கும் மேலாக, தெரியாததைத் தெரியாது என்று கூற இனி நாங்கள் வெட்கப்படப் போவதில்லை.