யூத மருத்துவர் ஹஸ்தாய்

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தின் பெரும்பகுதியைக் கோர்தோபா நகரிலிருந்து முஸ்லிம் மன்னர் ஆண்டனர். கிறித்தவரும் யூதரும் தலைவரி இறுத்துத் தத்தம் சமயநெறி பேணி அங்கு வாழ்ந்தனர். ஏறக்குறைய 915ஆம் ஆண்டில், ஹயேன் என்னும் ஊரில், யூதர் குடியிற் பிறந்தவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத். எபிரேயம், அரபு, இலத்தீன் ஆகிய மொழிகளோடு மருத்துவமும் கற்றுத் தேர்ந்த இவரைக் கலீபா மூன்றாம் அப்துர் றஹ்மான் தம் அவையிற் சேர்த்துக்கொண்டார். அமைச்சர் என்னும் பெயரின்றியே அமைச்சர்க்குரிய பணிகள் பல இவர் கைக்கு வந்தன.

அந்நாளிற் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து கிறித்தவப் பேரரசர் கலீபாவுக்குக் கையுறையாக ஒரு நூலை அனுப்பினார். தியோஸ்கோரிடீஸ் என்பார் கிரேக்கத்தில் யாத்த, மூலிகைகளின் ஓவியங்களோடு கூடிய மருந்து நூல் அது. பக்தாத்தில் முன்னரே அதனை அரபாக்கியிருந்தனர். எனினும் பொருள் துணியப்படாத மூலிகைப் பெயர்கள் பல அதிற் கிரேக்கமாகவே கிடந்தன. பெயர் தெரியாத மருந்து இருந்தும் இல்லாததே. பிறழ உணர்ந்தாலோ உயிர்க்கு இறுதி. கோர்தோபாக் கிறித்தவர் இலத்தீன் அறிவர். கிரேக்கம் படிப்பார் அவருள் ஒருவருமிலர். கலீபா வேண்ட, 951ஆம் ஆண்டில் நிக்கொலாஸ் என்னும் துறவி வந்து சேர்ந்தார். அவரும், ஹஸ்தாயும், முஸ்லிம் மருத்துவர் பலரும், கிரேக்கம் பேசவல்ல சிசிலித் தீவினர் ஒருவரும் கூடியிருந்து, ஒவ்வொரு பெயர்க்கும் உரிய செடியை ஆராய்ந்து துணிந்தனர். ஈற்றில் எஞ்சியவை மிகச் சிலவே.

லெயோன் நாட்டுக் கிறித்தவ மன்னன் சாஞ்சோ உடற்பருமனால் அரசிழந்தபோது, 958ஆம் ஆண்டளவில் அவனைக் கோர்தோபாவுக்கு வருவித்து நோய் தீர்த்தவரும் ஹஸ்தாயே. மன்னன் கலீபாவின் படைத்துணையோடு மீண்டும் அரியணை ஏறினான்.

தம் இனத்துப் புலவரையும் ஹஸ்தாய் புரந்தார். இவர் ஆதரவிலேயே மெனாகெம் என்பார் எபிரேய அகராதி தொகுத்தார். துனாஷ் என்பாரோ அரபு யாப்பை எபிரேயச் செய்யுளுக்கு இசைவித்தார். பழையோர் சிலர் முனிந்தனராயினும், பின்வந்த எபிரேயக் கவிதை அந்நெறியிலேயே தழைத்தது. ஆயினும் ஒரு குறை சொல்லாதொழிதற்கில்லை. மெனாகெமின் அகராதியைத் துனாஷ் மறுத்தெழுத, பகைவர் கோள்மொழியும் சேர, ஹஸ்தாய் அம்முதுபுலவரைச் சினந்தார். அவர் அடியுண்டு சிறையும் புகுந்தார். புலவர்க்கு நிழல் தந்த மரம் ஒரு புலவர்மேல் முறிந்து வீழ்ந்ததை என்னென்பது! வேற்றுச் சமயத்தாரோடு அமர்ந்து ஆராயும் பொறுமை, தம்மவர் பூசலில் அவர்க்கு வாய்த்திலது.

ஹஸ்தாய் 970ஆம் ஆண்டையடுத்து மறைந்தார். அம்மருந்தாய்வுக் குழுவினரை நேரிற் கண்டு பழகிய இப்னு ஜுல்ஜுல் என்னும் முஸ்லிம் மருத்துவர், கிரேக்க ஆசிரியர் கூறாது விட்ட மருந்துகளைத் தொகுத்துத் தனிநூல் செய்தார். கிரேக்கர் தொடங்கிய நூலைக் கிறித்தவத் துறவி படித்துக் காட்ட, யூதரும் முஸ்லிம்களும் பொருள் கண்டு வளர்த்தனர். கல்வி கைம்மாறக் கைம்மாறப் பெருகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?