நாடியைக் கட்டிய கைகள்

2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலர் காயமுற்றனர். கை காலின் முக்கிய நாடி அறுந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியலாம். பெரிய வைத்தியசாலையோ தொலைவில். மருந்தும் வசதியும் இல்லாத இடத்தில் இரத்தப்பெருக்கை நிறுத்துவது எப்படி? நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே போர்க்களத்தில் இதற்கு விடை தேடிய ஒருவரை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று.

அவர் பெயர் அம்புறோஸ் பரே. பிரான்சு நாட்டின் லவால் நகருக்கு அருகே 1510ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அக்காலத்தில் சத்திரசிகிச்சை நாவிதர்களின் தொழிலாக இருந்தது. பரேயும் அத்தொழிலையே கற்று, பரிஸ் நகரின் பழைய தரும வைத்தியசாலையில் பயின்றார். இலத்தீன் மொழி அறியாததால் கற்றறிந்த வைத்தியர்கள் அவரை இகழ்ந்தனர்.

1537இல் இத்தாலியப் போருக்குச் சென்றார். துப்பாக்கிக் காயத்தில் நஞ்சு உண்டென நம்பி, அதிலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அந்நாள் வழக்கம். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், தேவதாரு எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து பூசினார். அவர்கள் இறந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கமே வரவில்லை. விடியற்காலையில் ஓடிச்சென்று பார்த்தார். மருந்து பூசப்பட்டவர்கள் அமைதியாய் இருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலாலும் வலியாலும் துடித்தனர். இனி எவரையும் அப்படிச் சுடுவதில்லை என்று உறுதி பூண்டார்.

கால் துண்டிக்கப்பட்டோரின் இரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பையே அன்று பயன்படுத்தினர். 1552இல் டாம்வில்லேர் முற்றுகையில் பரே அதை விலக்கி, நாடிகளைப் பிடித்து நூலால் கட்டினார். பண்டை வைத்தியர் அறிந்து, பின்னர் மறக்கப்பட்டிருந்த முறை அது. தாம் கண்டவற்றைச் சாதாரண மக்களின் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். நான்கு மன்னர்களுக்குப் பணிபுரிந்தும், குணம் தருபவர் இறைவனே என்று தாழ்மையோடு சொல்லிவந்தார்.

1590இல் பரிஸ் முற்றுகையிடப்பட்டு மக்கள் பட்டினியால் மடிந்தனர். அப்போது முதியவரான பரே, வழியில் கண்ட லியோன் பேராயரை நிறுத்தி, ஏழைகள்மீது இரங்கும்படி மன்றாடினாராம். அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவர் இறந்தார்.

நாடியைக் கட்டினால் உயிர் பிழைக்கும். ஆனால் காலை இழக்க நேரலாம். அறுந்த நாடியைத் தைத்து இணைக்கும் நுட்பத்தை 1902இல் பிரெஞ்சு வைத்தியர் அலெக்சிஸ் கரெல் வெளியிட்டார். இன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் இரத்தவோட்டத்தை மீட்டால்தான் காலைக் காக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே வாசகர்களே, விபத்து நேர்ந்தால் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து இறுக அழுத்துங்கள். இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியபடியே வைத்தியசாலைக்கு விரையுங்கள். எண்ணெய் தீர்ந்த இரவில் பரேயிடம் மிஞ்சியிருந்தவை இரு கைகளும் இரக்கமுமே. அவை நம்மிடமும் உண்டு.