தேர் சமைத்த கரிவரதன்

பந்தய மகிழுந்து என்பது ஒருகாலத்தில் நம் நாட்டில் செல்வர்தம் விளையாட்டாகவே விளங்கியது. அயல்நாட்டு ஊர்தியை வரவழைக்கும் வசதி படைத்தோர்க்கே வெற்றியும் எளிதாயிற்று. அந்நிலையை மாற்ற முனைந்தவர் கோவை தந்த சுந்தரம் கரிவரதன்.

1954ஆம் ஆண்டு பிறந்த அவர், போர்க்காலத்து வானூர்தி ஓடுதளமான சோழவரத்தில் பந்தய வீரராகப் புகழ் பெற்றார். வெற்றியோடு அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. தம் பட்டறையிலேயே ஊர்திகளை வடிக்கத் தொடங்கினார். தெருவில் ஓடும் சிறிய மாருதியின் பொறியை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. அனைவர்க்கும் ஒரே வகை ஊர்தி என்பதால், பணம் பின்தங்கியது, திறன் முந்தியது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் தமிழகத்தில், இளைஞர்க்கு எட்டும் விலையில் தேர் சமைத்தவர் அவர் எனலாம்.

வானிலும் வேட்கை கொண்டிருந்த அவரை, 1995 ஆகஸ்டில் வானூர்தி விபத்தொன்று பறித்துக்கொண்டது. அப்போது அவருக்கு அகவை 41.

ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரானார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் கரிவரதனின் பெயர் தாங்கி நிற்கிறது. விதைத்தவர் காணாத விளைச்சல் அது.