ஸர் நார்மன் கிரெக்

நமது தாமிரபரணிக் கரையூர்களிலே கர்ப்பிணிகளைக் கிரகண வேளையில் வாசற்படி தாண்ட விடாத வழக்கம் இன்றும் உண்டு. பிள்ளை உதடு பிளந்தோ கண் பழுதுற்றோ பிறப்பின், தாய் கிரகணத்தைப் பார்த்தாள் என்பர். அன்றேல் முன்வினை என்பர். பிறவிக் குருடனைக் கண்ட சீஷரும் அது யார் செய்த பாவத்தின் பலன் என்றே நம் ஆண்டவரிடம் வினவினர். எங்ஙனமாயினும் பழி பெரும்பாலும் தாயின் தலைமேலேயே விழுகின்றது. அப்பழியில் ஒரு பங்கை நீக்கிய கண் வைத்தியர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நார்மன் மக்கலிஸ்டர் கிரெக் 1892ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திற் பிறந்தார். 1915இல் வைத்தியப் பட்டம் பெற்று, முதல் மகாயுத்தத்திற் பிரிட்டிஷ் சேனை வைத்தியராய்ச் சென்று, வீரத்துக்கான இராணுவச் சிலுவை விருதைப் பெற்றார். பின்னர் இங்கிலாந்திற் கண் வைத்தியம் பயின்று தம் ஊருக்குத் திரும்பினார்.

1941இல் இரு கண்களிலும் புரையுடன் பிறந்த சிசுக்கள் அவரிடம் ஒருவர்பின் ஒருவராய்க் கொண்டுவரப்பட்டனர். கண் சிறுத்தும், உடல் மெலிந்தும், இருதயம் பழுதுற்றும் இருந்தோர் அவர்களுட் பலர். பிறவிக் குறைகள் வமிசவழியே வருவன என்பது அக்காலத்து வைத்தியர் கொள்கை. ஆனால் ஒரே வேளையில் இத்தனை குடும்பங்களில் வமிசதோஷம் தோன்றுவதெங்ஙனம்? காத்திருக்கும் அறையிலே தாய்மார் இருவர், தாங்கள் கர்ப்பமுற்ற தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை கண்டதைத் தம்முட் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது என்பர். முந்திய 1940இல் அந்நோய் ஆஸ்திரேலியாவெங்கும் பரவியிருந்தது. கிரெக் மாதங்களைக் கணக்கிட்டார். பிற வைத்தியரையும் கேட்டு எழுபத்தெட்டுக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 68 பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அந்நோய் கண்டவர்கள். அவ்வாண்டு அக்டோபரில் மெல்போர்னிற் கூடிய கண் வைத்தியர் சபையில் இதனை வெளியிட்டார்.

ரூபெல்லா என்னும் இச்சிறு நோய் தாய்க்கு மூன்று நாட் சொறியும் இளஞ்சுரமுமாய்க் கழிந்துவிடும். சிசுவின் கண், செவி, உதடு, அண்ணம் முதலிய முகவுறுப்புகளோ நான்காம் வாரந்தொட்டு மூன்றாம் மாதத் தொடக்கத்துக்குள் பெரும்பாலும் உருக்கொள்கின்றன. பல பெண்கள் தாம் சூலுற்றதை உணருமுன்னரே அவ்வேலை தொடங்கிவிடுகின்றது. அக்காலத்திற் கிருமி நச்சுக்கொடியைக் கடந்து சென்றால், உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்பு கெடுகின்றது. உதட்டுப் பிளவுக்கு இந்நோயே காரணம் என எவரும் மயங்கற்க. இதன் கொடுமை கண்ணிலும் செவியிலும் இருதயத்திலுமே பெரிது.

இங்கிலாந்தின் பிரபல வைத்தியப் பத்திரிகையாகிய லான்செட் 1944இல் இதனை ஐயுற்றது. அது முற்றும் அநியாயமன்று என்பது எம் துணிபு. நோய் கண்டும் நல்ல பிள்ளை பெற்ற தாய்மாரின் தொகையைக் கிரெக் காட்டவில்லை. ஆயினும் அடிலெய்டு நகரத்தில் ஸ்வான் என்பாரும் துணைவரும் ஆராய்ந்து, கண்டது மெய்யென்றதோடு செவிட்டுத்தன்மையையும் சேர்த்துரைத்தனர். 1951இல் லங்காஸ்டர் என்னும் கணக்கியலறிஞர் ஆஸ்திரேலியச் செவிடர் பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அம்மை பரவிய ஆண்டுகளையடுத்துச் செவிடர் மிகுதியாய்ப் பிறந்திருந்ததைக் காட்டினார். பிள்ளைகளின் பிறந்த தேதி மட்டுமே எழுதிய ஏடு இத்தனை காலம் கழித்துச் சாட்சி கூறிற்று!

இதனை வாசிக்கையில் எமக்குப் பாளையங்கோட்டை நினைவு வருகின்றது. ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஸ்வெயின்சன் அம்மையார் பெயரால் வழங்கும் செவித்திறனற்றோர் பள்ளியும் அங்கே உள. அங்குப் பயின்றோரெல்லாம் இந்நோயால் ஊறுற்றோர் என்பது எம் கருத்தன்று. ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் 1990களில் ஆராய்ந்தபோது, பிறவிப்புரையுள்ள தமிழ்க் குழந்தைகளிலும் கணிசமானோர்க்கு ரூபெல்லாவே காரணமெனக் கண்டனர். அவர்தம் அன்னைமாரை எத்தனை பேர் கிரகணக் கதை சொல்லி நோகடித்தனரோ!

கிரெக் 1953இல் ஸர் பட்டம் பெற்று, 1966இல் மறைந்தார். அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில் தடுப்பூசி வந்தது. நம் தமிழ்நாட்டிலோ 1969 போய் 2017 பிப்ரவரியிற்றான் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகட்கெல்லாம் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடப்பெற்றது. அப்போது பள்ளிச் சிறாராயிருந்த எம்மிற் பலர் அழுதுகொண்டே கையை நீட்டினோம்; கிரெக் என்னும் பெயரை அன்று எவரும் எமக்குச் சொல்லவில்லை.